கிளாஷ் ஜீரோ, வயர் போகாது

ஆபீஸ் புலம்பல்தான், பொறுத்துக்குங்க மக்களே.

ரெவிட்டில் போட்ட பைப் ரூட்டை நேற்று ஒரு தம்பி பெருமையாகக் காட்டினான். எதிலும் இடிக்கவில்லையாம், கிளாஷ் ஜீரோ. ஒரு பீமைத் தாண்ட நாலு பெண்ட், ஒவ்வொன்றும் 90 டிகிரி. பேனலுக்கு இறங்க இன்னொன்று. நடுவில் புல் பாக்ஸே இல்லை. இங்கே அமெரிக்காவில் இரண்டு பாக்ஸுக்கு இடையே மொத்த வளைவு 360 டிகிரியைத் தாண்டக்கூடாது என்பது விதி. அந்தப் பீமே மொத்தத்தையும் தின்றுவிட்டது! அதையே 30 டிகிரி வளைவு நாலில் தாண்டினால் 120தான். சைட்டில் எந்த எலக்ட்ரீஷியனும் அப்படித்தான் வளைப்பார். பைப் இடிக்குதா என்று பார்க்கிற ரிப்போர்ட், உள்ளே வயர் போகுமா என்று பார்ப்பதில்லை. முரட்டுத்தனமாக இழுத்தால் வயர் உறை கிழியும். அப்புறம் ஷார்ட்தான்.

நான் கோலார் தங்கவயல்காரன். 1902லேயே சிவசமுத்திரத்திலிருந்து 147 கி.மீ. லைன் இழுத்து கரண்ட் கொண்டுவந்த ஊர். 2001ல் மூடும்வரை அப்பா அங்கே சுரங்க எலக்ட்ரீஷியன். சின்ன வயதில் எங்கள் வீட்டு வயரிங்குக்குப் பைப்பை ஆசையாய் வளைத்தது நான். வயர் சிக்கிக்கொண்டது. "வளைச்சவனே இழுடா" என்று அப்பா உட்கார்ந்துவிட்டார். அரைநாள் இழுத்தேன், உள்ளங்கைத் தோல் உரிந்தது.

தம்பியிடம் "இதுல நீ இழுப்பியா?" என்றேன். பதிலில்லை. டிராயிங்கைத் திருப்பி அனுப்பிவிட்டேன். மேனேஜர் கேட்கிறார், "அதான் கிளாஷ் ஜீரோவாச்சே?"