ஒரு கம்பியின் இரு முனைகள்

காவிரி இரு கிளையாகப் பிரிந்து பாறைகளில் வீழும் சிவசமுத்திரத்திற்குச் சில வருடங்களுக்கு முன் சென்றிருந்தேன். அருவிகளை விட, பள்ளத்தாக்கின் அடியில் 1902 ஆம் ஆண்டு முதல் இயங்கிவரும் நீர்மின் நிலையமே என்னை அங்கே இழுத்தது. சரிவில் இறங்கும் பெருங்குழாய்களைப் பார்த்தபடி நெடுநேரம் நின்றேன். மைசூர்த் திவானாக இருந்து இத்திட்டத்தைத் தொடக்கி வைத்த சேஷாத்திரி ஐயரின் பெயரை அந்நிலையம் இன்று தாங்கி நிற்கிறது. பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பத்திலே பிறந்த அவர், திட்டம் நிறைவுறுவதைக் காணாமலே 1901 இல் காலமானார்.

இங்கு பிறந்த மின்சாரம் முதலில் எங்கே சென்றது? பெங்களூர் வீதிகளில் மின்விளக்கு எரிந்தது 1905 இலேதான். அதற்கு மூன்று ஆண்டுகள் முன்பே, ஏறத்தாழ 147 கிலோமீற்றர் தொலைவிலிருந்த கோலார் தங்கவயலுக்குக் கம்பி போய்விட்டது. அக்காலத்தில் உலகின் மிக நீண்ட மின்கடத்தல் பாதைகளுள் அதுவும் ஒன்று. அதுவரை விறகையும் நிலக்கரியையும் எரித்து நீராவியால் இயங்கிய சுரங்க இயந்திரங்கள், காவிரியின் வேகத்தால் இயங்கலாயின. ஆங்கிலேயக் கொம்பனிகளின் தங்கத்திற்காகவே அந்த ஆறு முதலில் வேலை செய்தது.

அடுத்த நாள் அக்கம்பியின் மறுமுனைக்குப் போனேன். சுரங்க வாய்களின் மேல் நிற்கும் இரும்புக் கோபுரங்கள் துருவேறிக் கிடந்தன. புதர் மண்டிய கட்டடங்கள். சயனைட் கழிவு குவிந்த சாம்பல் நிற மேடுகள். தொழிலாளர் குடியிருப்பை அங்கும் 'லைன்' என்றே சொல்கிறார்கள். மலையகத்து லயன்களைப் பற்றி எழுதிப் பழகிய எனக்கு, அந்தச் சொல்லும் அந்த வரிசை வீடுகளும் அந்நியமாகத் தோன்றவில்லை. பேச்சும் தமிழாகவே இருந்தது. வட ஆர்க்காடு முதலிய மாவட்டங்களிலிருந்து சென்றவர்களின் வழித்தோன்றல்கள் அவர்கள். பெரும்பாலோர் தாழ்த்தப்பட்ட சமூகங்களைச் சேர்ந்தவர்கள்.

சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீற்றருக்கும் அதிக ஆழம் சென்றது. அந்த வெப்பத்திலும், பாறை வெடித்துச் சிதறும் ஆபத்திலும், நுரையீரலை அரிக்கும் தூசியிலும் இறங்கி உழைத்தவர்கள் இவர்களே. கட்டாயக் கைரேகைப் பதிவை எதிர்த்து 1930 இல் வேலைநிறுத்தம் செய்தவர்களும் இவர்களே. 800 தொன்னுக்கு மேற்பட்ட தங்கத்தை ஈந்த சுரங்கம், 2001 பெப்ரவரி 28 அன்று மூடப்பட்டது.

தொல்லியல் என்றதும் நம்மவர் மனம் கோயிலையும் கல்வெட்டையுமே தேடுகிறது. நூறாண்டு கடந்த குழாயும் இரும்புக் கோபுரமும் வரலாற்றுச் சான்றுகளே. சிவசமுத்திரத்தை மரபுச் சின்னமாகப் போற்றுவோர், தங்கவயலைப் பழைய இரும்பாகக் காண்பது எப்படி நியாயமாகும்? மின்நிலையமும் சுரங்கமும் ஒரே சின்னத்தின் இரு பாதிகள். ஒன்றில் பொறியியலாளரின் அறிவு இருக்கிறது. மற்றதில் தொழிலாளியின் உயிர் இருக்கிறது.

கழிவு மேடுகளிலிருந்து மீண்டும் தங்கம் பிரிக்கும் மத்திய அரசின் யோசனைக்கு, 2024 இல் கருநாடக அமைச்சரவை இணங்கியது. அதனால் அவ்வூர் மக்களுக்கு வேலை கிடைக்குமாயின் நான் எதிர்க்க மாட்டேன். ஆனால், மண்ணை மறுபடியும் சலிப்பதற்கு முன், அதைத் தோண்டியவர்களின் கதையைப் பதிந்து வைப்பது கடமையல்லவா?

முழு ஊரையும் அருங்காட்சியகமாக்கும்படி எவரும் கேட்கவில்லை. ஒரு சுரங்கக் கோபுரம், ஒரு வரிசை லைன் வீடுகள், காவிரியின் மின்சாரம் வந்த வழியைக் காட்டும் ஒரு பலகை போதும். இவற்றை விட அவசரமானது மனிதர்களின் வாய்மொழி. சுரங்கம் மூடப்பட்டபோது நாற்பது வயதாயிருந்தவர் இன்று அறுபதைத் தாண்டிவிட்டார். இரும்பு துருப்பிடிக்க நீண்ட காலம் எடுக்கும். நினைவுக்கு அவ்வளவு அவகாசம் இல்லை. ஒலிப்பதிவுக் கருவியோடு அங்கே செல்லக்கூடிய தமிழ் இளைஞர்கள், அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட வேண்டாம் என்பதே என் வேண்டுகோள்.