கடலில் விழுந்த கதிரியக்கம் எங்கே போகிறது?

அணு உலை விபத்து நடக்கும்போதெல்லாம் இரண்டு குரல்கள் எழுகின்றன. கடல் பெரிது, எல்லாம் கரைந்து காணாமல் போய்விடும் என்கிறது ஒன்று. கடல் முழுக்க நஞ்சாகிவிட்டது, இனி மீனைத் தொடவே கூடாது என்கிறது மற்றொன்று. இரண்டுமே கடலைச் சரியாகப் பார்க்கவில்லை.

1986 ஏப்ரல் 26 அன்று செர்னோபில் உலை வெடித்தது. சில நாள்களிலேயே அதன் தூசு காற்றில் வந்து மத்தியதரைக் கடலில் விழுந்தது. கோர்சிகா தீவை ஒட்டிய கடலில், மேலிருந்து விழும் துகள்களைப் பிடித்து வைக்கும் கருவி ஒன்றை ஆய்வாளர்கள் விபத்துக்கு முன்பே 200 மீட்டர் ஆழத்தில் இறக்கியிருந்தார்கள். தூசு நீர்ப்பரப்பில் விழுந்த ஒரு வாரத்துக்குள் அந்தக் கருவியில் செர்னோபிலின் கதிரியக்கத் தனிமங்கள் வந்து சேர்ந்திருந்தன.

ஒரு மைக்ரான் அளவுள்ள தூசு தானாக மூழ்கினால் ஆழ்கடலின் அடியைத் தொடப் பல பத்தாண்டுகள் ஆகும். அதை வேகமாக இறக்கியவை கோப்பிபாட் போன்ற மிதவை உயிரிகள். அரிசி மணியைவிடச் சிறிய இந்த உயிரிகள் நீரை வடிகட்டிப் பாசியைத் தின்கின்றன. பாசியில் ஒட்டிய தூசும் கூடவே வயிற்றுக்குள் போகிறது. அவை வெளியேற்றும் கழிவு, இறுகிய சிறு உருளைகளாக நாளொன்றுக்குப் பல பத்து மீட்டர் முதல் நூறு மீட்டருக்கும் மேல் இறங்குகிறது. கண்ணுக்குத் தெரியாத தூசு இப்படித்தான் எடை பெற்று ஆழத்துக்குப் போகிறது.

ஆனால் எல்லாத் தனிமங்களும் இந்த வழியில் போவதில்லை. சீரியம், புளூட்டோனியம் போன்றவை துகள்களில் எளிதில் ஒட்டிக்கொள்பவை. சீசியம் அப்படியல்ல. அது உப்பைப் போல நீரில் கரைந்து, நீரோட்டம் போகும் திசையில் போகிறது. அதில் மிகச் சிறு பங்குதான் துகள்களோடு மூழ்குகிறது. அயோடின்-131இன் அரை ஆயுளோ, அதாவது அதில் பாதி சிதைய ஆகும் காலமோ, 8 நாள்தான். ஆழம் போய்ச் சேருமுன் பெரும்பகுதி சிதைந்துவிடும்.

2011 மார்ச்சில் ஜப்பானின் ஃபுகுஷிமா அணு உலை விபத்திலும் தூசு இப்படி ஆழத்துக்கு இறங்கியது. பசிபிக்கில் 4,810 மீட்டர் ஆழத்தில் வைத்திருந்த கருவிகளில் ஏறத்தாழ ஒரு மாதத்திலேயே சீசியம்-134 கிடைத்தது. அது ஃபுகுஷிமாவிலிருந்து வந்ததுதான் என்று எப்படிச் சொல்ல முடியும்? சீசியம்-134இன் அரை ஆயுள் 2 ஆண்டுதான். பழைய விபத்தில் வந்தது அதற்குள் தேய்ந்து போயிருக்கும். 30 ஆண்டு அரை ஆயுள் கொண்ட சீசியம்-137ஐ மட்டும் பார்த்தால், அது அணுகுண்டுச் சோதனைக் காலத்து மிச்சமா என்ற குழப்பம் வரும்.

ஆழத்துக்குப் போனது சிறு பங்கு. கடலில் கலந்த சீசியத்தின் பெரும்பகுதி நீரோடு கிழக்கே நகர்ந்தது. 2015 பிப்ரவரியில் கனடாவின் மேற்குக் கரையில் எடுத்த நீரில் ஒரு கனமீட்டருக்கு 5.8 பெக்கரல் (கதிரியக்கத்தை அளக்கும் அலகு) சீசியம்-137 இருந்தது. குடிநீருக்கு உலக சுகாதார நிறுவனம் தரும் வழிகாட்டு அளவு கனமீட்டருக்கு 10,000 பெக்கரல். இந்த இடத்தில் அச்சத்துக்குக் காரணமில்லை.

உலையை ஒட்டிய கரையோரத்தின் நிலை வேறு. அங்கே அடித்தளக் களிமண் சீசியத்தை இறுகப் பற்றிக்கொள்கிறது. அதனால்தான் நீர் தெளிந்த பிறகும், அடியில் வாழும் மீன்களில் கதிரியக்கம் நெடுநாள் நீடித்தது. 2012 ஜூனில் ஃபுகுஷிமா மீனவர்கள் சோதனை முறையில் மீண்டும் கடலுக்குப் போனபோது, முதலில் பிடிக்க அனுமதிக்கப்பட்டவை ஆக்டோபஸும் கடல் நத்தையும். அவற்றின் உடலில் சீசியம் நெடுநாள் தங்குவதில்லை. விவரம் அறிந்து எடுத்த முடிவு அது. மீனவர்களின் பிழைப்பையும் உண்பவர்களின் உடல்நலத்தையும் சேர்த்துக் காக்கும் வழியும் அதுதான்.

எனவே கடலில் கதிரியக்கம் கலந்ததாக அடுத்த முறை செய்தி வந்தால், எந்தத் தனிமம், எவ்வளவு, எங்கே அளந்தது என்று கேளுங்கள். மேல்பரப்பு நீரின் அளவை மட்டும் காட்டி நிம்மதியாக இருங்கள் என்று எந்த அரசு சொன்னாலும், அடிமண்ணையும் மீனையும் அளந்த கணக்கைக் கேட்டு வாங்குங்கள்.