கப்பலில் முதல் பந்தியா, இரண்டாம் பந்தியா?

உல்லாசக் கப்பலில் டிக்கெட் போடுவதென்றால் வீட்டில் நாள்கணக்கில் பேச்சு நடக்கும். ஜன்னல் வைத்த கேபின் போதுமா, பால்கனி வேண்டுமா, எந்தத் துறைமுகத்தில் இறங்கிச் சுற்றிப் பார்ப்பது என்று ஆளுக்கொரு யோசனை. எல்லாம் முடிந்து பணம் கட்டப்போகும் நேரத்தில் ஒரு சின்னக் கேள்வி வரும். ‘இரவுச் சாப்பாடு மாலை ஐந்தரை மணி வாக்கிலா, இரவு எட்டு மணி வாக்கிலா, அல்லது நினைத்த நேரத்திலா?’

பலர் ஏதோ ஒன்றைத் தொட்டுவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவார்கள். கப்பல் ஏறிய முதல் நாள் மாலையே அந்தக் கேள்வியின் கனம் தெரிந்துவிடும். ஐந்தரை மணிக்குப் பேரனுக்குப் பசிக்காது. எட்டு மணி வரை சர்க்கரை நோயாளியான தாத்தாவால் தாங்க முடியாது. நினைத்த நேரத்தில் போகலாம் என்று போனால் வாசலில் நாற்பது பேர் நிற்பார்கள். ஏழு நாள் பயணம் என்றால் ஏழு இரவும் இதே கதைதான்.

இரண்டு பந்தி ஏன் வந்தது?

காரணம் எளிது. கப்பலில் இடம் குறைவு. இரண்டாயிரம், மூவாயிரம் பேர் போகும் கப்பலில் அத்தனை பேரையும் ஒரே நேரத்தில் உட்காரவைக்கும் சாப்பாட்டுக்கூடம் கட்டினால், மற்ற எதற்கும் இடம் இருக்காது. அதனால் பாதிப்பேர் சாப்பிடும் அளவுக்குக் கூடத்தைக் கட்டி, இரண்டு பந்தியாகப் பிரித்துவிட்டார்கள். கல்யாண மண்டபத்துக் கணக்குதான். முதல் பந்தி எழுந்ததும் மேஜை விரிப்பை மாற்றி, இரண்டாம் பந்திக்கு ஏற்பாடு நடக்கும்.

சமையலறைக்கும் இது வசதி. எத்தனை தட்டு, எத்தனை மணிக்கு என்பது முன்பே தெரியும். முதலில் சூப், பிறகு முக்கிய உணவு, கடைசியில் இனிப்பு என்று நூற்றுக்கணக்கான தட்டுகள் வரிசையாக வெளியே போகும். இரவு நேர நாடகமும் பாட்டுக் கச்சேரியும் இதை ஒட்டியே அமைந்தன. முதல் பந்திக்காரர்கள் சாப்பிட்ட பிறகு நிகழ்ச்சி பார்ப்பார்கள். இரண்டாம் பந்திக்காரர்கள் பார்த்துவிட்டுச் சாப்பிட வருவார்கள்.

இந்த முறையில் நேரம் மட்டும் நிலையானது இல்லை. மேஜையும் நிலையானது, பரிமாறும் வெயிட்டரும் அவருடைய உதவியாளரும் நிலையானவர்கள். நான்கு பேர் கொண்ட குடும்பம் எட்டு பேர் மேஜையில் அமர்ந்தால், எதிரே இருக்கும் நான்கு பேரும் பயணம் முடியும்வரை மாறமாட்டார்கள்.

பணக்காரர்களுக்கு மட்டும் விதிவிலக்கு

நினைத்த நேரத்தில் சாப்பிடுவது ஏதோ நேற்று வந்த வசதி என்று தோன்றலாம். ஆனால், நூறு ஆண்டுகளுக்கு முன்பே அது கப்பலில் இருந்தது. 1905-ல் பயணம் தொடங்கிய ‘அமெரிக்கா’ என்ற ஜெர்மன் கப்பலில், தனியாகக் காசு கொடுத்து விரும்பியதை வரவழைத்துச் சாப்பிடும் உணவகம் வந்தது.

1912-ல் மூழ்கிய டைட்டானிக்கிலும் அப்படி ஓர் உணவகம் உண்டு. அதன் முதல் வகுப்புச் சாப்பாட்டுக்கூடத்தில் 554 பேர் அமரலாம். மாலையில் ஒருவர் தளம் தளமாகப் போய் ஊதுகுழல் ஊதி, சாப்பாட்டு நேரத்தை அறிவிப்பார். அந்த ஊதலுக்குக் கட்டுப்பட விரும்பாதவர்களுக்காக லூயிஜி காட்டி என்ற இத்தாலியர் நடத்திய தனி உணவகம் இருந்தது. முதல் வகுப்புப் பயணிகள் கூடுதல் பணம் கொடுத்து, காலை 8 மணியிலிருந்து இரவு 11 மணிவரை எப்போது வேண்டுமானாலும் அங்கே சாப்பிடலாம். இரண்டாம் வகுப்புக்கும் மூன்றாம் வகுப்புக்கும் அந்தச் சலுகை கிடையாது.

2000-ல் வந்த மாற்றம்

எல்லாப் பயணிகளுக்கும் இந்தச் சுதந்திரத்தைக் கொடுத்துப் பெரிய அளவில் விளம்பரப்படுத்திய நிறுவனம் நார்வீஜியன் குரூஸ் லைன். 2000-ல் ‘ஃப்ரீஸ்டைல் குரூஸிங்’ என்ற பெயரில் நிலையான நேரத்தையும் மேஜையையும் எடுத்துவிட்டது. கோட்டும் டையும் கட்டாயம் என்ற வழக்கமும் தளர்ந்தது. அடுத்து பிரின்சஸ், ஹாலந்து அமெரிக்கா, ராயல் கரீபியன், கார்னிவல் என்று மற்ற நிறுவனங்களும் ஆளுக்கொரு பெயரில் இந்த வசதியைக் கொண்டுவந்தன. பழைய பந்தி முறையையும் கூடவே வைத்துக்கொண்டன.

பயணிகளுக்கு இது பெரிய நிம்மதி. மத்தியதரைக் கடல் பயணத்தில் பகல் முழுவதும் ஊர் சுற்றிவிட்டு மாலை ஐந்து மணிக்குக் கப்பலுக்குத் திரும்புகிறவர், குளிக்கக்கூட நேரமில்லாமல் முதல் பந்திக்கு ஓட வேண்டியிருந்தது. தவறவிட்டால் பஃபேதான். புதிய முறையில் அந்த ஓட்டம் இல்லை. எதிரே அமர்ந்திருப்பவர் வாய் ஓயாமல் பேசுகிறவராக இருந்தாலும், ஒரு வார்த்தைகூடப் பேசாதவராக இருந்தாலும், ஏழு இரவு அவரைச் சகித்துக்கொள்ள வேண்டிய அவசியமும் இல்லை.

பழையது வேண்டும் என்று கேட்ட பயணிகள்

அப்படியானால் பழைய முறை மெல்ல மறைந்திருக்க வேண்டும். அது மறையவில்லை என்பதற்கு ஒரு பெரிய கப்பலே சாட்சி.

2014 நவம்பரில் ராயல் கரீபியனின் ‘குவாண்டம் ஆஃப் தி சீஸ்’ நியூயார்க்கை ஒட்டிய நியூஜெர்சி துறைமுகத்திலிருந்து பயணம் தொடங்கியது. இரண்டு பேருக்கு ஓர் அறை என்று கணக்கிட்டாலே நாலாயிரத்துக்கும் மேற்பட்ட பயணிகள். அந்தக் கப்பலில் பெரிய சாப்பாட்டுக்கூடத்தையே எடுத்துவிட்டார்கள். அதற்குப் பதிலாகக் கூடுதல் கட்டணம் இல்லாத நான்கு உணவகங்கள். ஒன்றில் அமெரிக்கச் சாப்பாடு, ஒன்றில் ஆசியச் சாப்பாடு, ஒன்றில் தினமும் கோட் சூட் விருந்து, இன்னொன்றில் நவீனச் சமையல். பயணி தன் விருப்பப்படி ஒவ்வோர் இரவுக்கும் முன்பதிவு செய்துகொள்ளலாம். ‘டைனமிக் டைனிங்’ என்று பெயர் வைத்தார்கள்.

காகிதத்தில் அழகாக இருந்தது. நடைமுறையில் முன்பதிவு செய்வதே ஒரு வேலையாகிவிட்டது. கூட்டமாக வந்த குடும்பங்களுக்கு ஒரே நேரத்தில் இடம் கிடைப்பது சிரமம். வாசலில் வரிசை. அதைவிட, அடிக்கடி கப்பலில் போகும் பழைய பயணிகளுக்கு வேறொரு குறை இருந்தது. ஒவ்வோர் இரவும் புது வெயிட்டர். தன் பெயர் தெரிந்த ஆள் யாரும் இல்லை.

அடுத்த ஆண்டே நிறுவனம் ஒரு படி இறங்கி வந்தது. அதே நான்கு உணவகங்களுக்கும் முறை வைத்துப் போகலாம். ஆனால், நேரமும் உடன் அமர்கிறவர்களும் வெயிட்டரும் மாறமாட்டார்கள் என்று இன்னொரு வழியைச் சேர்த்தது. பிறகு அந்தத் திட்டத்தையே கைவிட்டு, இரண்டு பந்தி அல்லது நினைத்த நேரம் என்ற பழைய ஏற்பாட்டுக்கே திரும்பிவிட்டது. எத்தனையோ பேர் உட்கார்ந்து யோசித்த திட்டத்தை, ‘எங்கள் வெயிட்டர் எங்களுக்கு வேண்டும்’ என்ற ஆசை தோற்கடித்தது.

மேஜை வேறு, மணி வேறு

இந்த இடத்தில்தான் விஷயம் புரிகிறது. ‘நிலையானதா, இஷ்டப்பட்டதா’ என்று ஒரே கேள்வியாகக் கேட்டாலும், உள்ளே இரண்டு கேள்விகள் இருக்கின்றன. எத்தனை மணிக்குச் சாப்பிடுவது என்பது ஒன்று. யாருடன், யார் கையால் சாப்பிடுவது என்பது இன்னொன்று.

குனார்டு நிறுவனத்தின் ‘குயின் மேரி 2’ கப்பலைப் பார்த்தால் இது தெளிவாகும். அங்கே பெரும்பாலான பயணிகள் சாப்பிடும் பிரிட்டானியா உணவகத்தில் இரண்டு பந்தி முறை உண்டு. மிக விலை உயர்ந்த அறைகளில் தங்குகிறவர்களுக்கு கிரில் என்ற தனி உணவகங்கள். அவர்களுக்கென்று ஒரு மேஜை பயணம் முழுக்கக் காத்திருக்கும். குறிப்பிட்ட நேர எல்லைக்குள் எப்போது வேண்டுமானாலும் வந்து உட்காரலாம். அதாவது நேரத்தில் சுதந்திரம், மேஜையில் நிலைத்தன்மை. அதிகக் காசு கொடுக்கிறவர் இரண்டையும் சேர்த்து வாங்குகிறார்.

டிஸ்னி கப்பல்களில் இதே விஷயத்தை வேறு மாதிரி தீர்த்தார்கள். 1998-ல் முதல் கப்பல் ஓடத் தொடங்கியதிலிருந்தே குடும்பங்கள் ஒவ்வோர் இரவும் வேறு வேறு உணவகத்துக்குப் போகும். வெயிட்டரும் கூடவே வருவார். குழந்தைக்குப் புது இடம் பார்க்கிற குஷி. அதே சமயம், அவளுக்குத் தக்காளி சாஸ் பிடிக்காது என்பது தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருப்பார்.

யாருக்கு எது?

தனியாகப் பயணம் செய்யும் மூத்தவர்களுக்கு நிலையான பெரிய மேஜை நல்லது. துணையை இழந்தபின் முதல்முறையாகத் தனியே கிளம்பியவருக்கு, பகலெல்லாம் எப்படியோ போய்விடும். இரவுச் சாப்பாட்டு நேரம்தான் கனக்கும். ‘ஒருவருக்கு மட்டுமா?’ என்று தினமும் வாசலில் கேட்பதைவிட, ‘நேற்று போன இடம் எப்படி இருந்தது?’ என்று கேட்க நாலு பேர் இருக்கும் மேஜை ஆறுதல்.

ஒவ்வாமை உள்ளவர்கள், வெங்காயம் பூண்டு சேர்க்காதவர்கள், முட்டைகூடச் சாப்பிடாத சைவர்கள் ஆகியோருக்கும் நிலையான மேஜை வசதி. பல கப்பல்களில் தலைமை வெயிட்டர் மறுநாளைய மெனுவை முந்தைய இரவே கொண்டுவந்து காட்டி, எதை மாற்றிச் சமைக்க வேண்டும் என்று குறித்துக்கொள்வார். தினமும் வேறு மேஜை என்றால் தினமும் முதலிலிருந்து விளக்க வேண்டும்.

இன்சுலின் போடுகிறவர்களும், சாப்பாட்டோடு மாத்திரை எடுக்கிறவர்களும் முதல் பந்தியை எடுத்துக்கொள்ளலாம். சின்னக் குழந்தைகள் உள்ள வீட்டுக்கும் அதுவே சரி. இரவு எட்டரை மணிக்கு மேஜையிலேயே தூங்கிவிடும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு மூன்று தளம் நடப்பது சுகமான வேலையில்லை.

தினமும் துறைமுகத்தில் இறங்கிச் சுற்றுகிறவர்கள், இளம் தம்பதிகள், பத்துப் பன்னிரண்டு பேராக வந்து பாதிப்பேர் ஒருநாள் ஒரு பக்கமும் மறுநாள் வேறு பக்கமும் போகும் கூட்டம், இவர்களுக்கெல்லாம் நினைத்த நேரமே பொருந்தும். ஒன்றை மட்டும் நினைவில் வைக்க வேண்டும். ‘நினைத்த நேரம்’ என்றாலும் ஏழு மணிக்கு எல்லாரும் ஒரே நேரத்தில் நினைப்பார்கள். இப்போது பல கப்பல்களில் செயலி வழியாகவே இடம் கேட்டுவிட்டு, மேஜை தயார் என்ற தகவல் வந்தபின் போகலாம். ஏழுக்கு முன்போ எட்டரைக்குப் பின்போ போனால் காத்திருப்பும் குறையும்.

பரிமாறுகிறவரின் கணக்கு

இந்த மாற்றத்தில் இன்னொருவருடைய வாழ்க்கையும் இருக்கிறது. பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா, இந்தியா என்று தூர தேசங்களிலிருந்து வந்து, பல மாத ஒப்பந்தத்தில் வேலை செய்யும் வெயிட்டர்.

பழைய முறையில் கடைசி இரவு ஒரு சடங்கு உண்டு. வெயிட்டருக்கு ஓர் உறை, உதவியாளருக்கு ஓர் உறை, தலைமை வெயிட்டருக்கு ஓர் உறை. பயணிகள் பணம் வைத்து, கை குலுக்கிக் கொடுப்பார்கள். ஏழு இரவும் கவனித்த முகத்துக்கு அந்த உறை போய்ச் சேரும். தினமும் வெயிட்டர் மாறினால் உறையை யாரிடம் கொடுப்பது? அதனால் நாளொன்றுக்கு ஒருவருக்கு இவ்வளவு என்று பயணியின் கணக்கிலேயே பிடித்து, ஊழியர்களுக்குப் பகிரும் முறை பரவியது. பெரிய அமெரிக்க நிறுவனங்களின் சாதாரண அறைகளுக்கு இப்போது இது சுமார் 16 முதல் 20 டாலர்.

கடைசி இரவு சாப்பாட்டுக்கே வராமல் நழுவிவிடும் பயணியால் வெயிட்டருக்கு முன்பு நஷ்டம் வரும். இப்போது அந்தப் பயம் குறைந்திருக்கிறது. ஆனால், நன்றாகக் கவனித்தவருக்கு நேரில் கிடைத்த நன்றி பொதுப் பையில் கரைந்துவிட்டது. பிடித்த வெயிட்டரின் பெயரைக் குறித்துவைத்து, பயணம் முடிந்ததும் நிறுவனம் அனுப்பும் கருத்துப் படிவத்தில் எழுதுவது நல்ல பழக்கம். பெயரோடு வரும் பாராட்டு ஊழியர் கணக்கில் சேரும்.

மாற்றிக்கொள்ளலாம்

தவறாகத் தேர்ந்தெடுத்துவிட்டால் பயணம் பாழ் என்று நினைக்க வேண்டியதில்லை. கப்பல் ஏறிய முதல் நாள் மதியமே சாப்பாட்டுக்கூட மேலாளரைப் பார்த்துக் கேட்டால், இடம் இருக்கும்வரை பந்தியோ மேஜையோ மாற்றித் தருவார்கள். இரண்டாம் நாள் ஆகிவிட்டால் கஷ்டம். உடன் அமர்ந்தவர்களோடு ஒத்துப்போகவில்லை என்றாலும் அவரிடம் தனியாகச் சொன்னால் போதும். யார் மனமும் நோகாமல் முடித்துவைப்பது அவருக்குத் தினசரி வேலை.

இரண்டும் வேண்டும் என்கிறவர்களுக்கும் ஒரு வழி இருக்கிறது. நினைத்த நேரம் என்று பதிவு செய்துகொண்டு, முதல் நாள் பிடித்துப்போன வெயிட்டரின் பெயரைச் சொல்லி, மறுநாளும் அவருடைய பகுதியிலேயே இடம் கேட்கலாம். அங்கே மேஜை காலியாக இருந்தால் கொடுத்துவிடுவார்கள்.

எந்தக் கப்பலிலும் நான்காம் நாள் வாக்கில் இதைப் பார்க்கலாம். ‘நேரத்துக்குக் கட்டுப்பட முடியாது’ என்று பதிவு செய்த தம்பதி சரியாக ஏழேகாலுக்கு வந்து நிற்பார்கள். வேறு மேஜை காலியாக இருந்தும், ‘பரவாயில்லை, அவர் பகுதியில் இடம் வரட்டும்’ என்று பத்து நிமிடம் காத்திருப்பார்கள்.