நாயைக் கடித்த குழந்தை

எதிர் வீட்டுப் பையன் மணிலாவில் டாக்டருக்குப் படிக்கிறான். லீவுக்கு வந்தவனைப் பூந்தமல்லி பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில் பிடித்தேன்.

"பாடமெல்லாம் இங்கிலீஷ்தாண்ணா. பேஷன்ட்டுங்க பேசறது ஃபிலிப்பினோ" என்றான். 1987-ம் வருஷத்து அரசியல் சட்டப்படி அங்கே அதுதான் தேசிய மொழி.

பையனைப் படுத்தியது அனாட்டமி இல்லை, பெயரெச்சம்! பயப்படாதீர்கள். 'மீன் வாங்கிய ஆள்' என்கிறோமே, அந்த 'வாங்கிய'தான். வாங்கிய ஆள், வாங்கிய மீன், வாங்கிய கடை, வாங்கிய காசு... எதில் ஒட்டினாலும் நம் 'வாங்கிய' மாறாது. இப்படி ஆறு வகைப் பெயரோடு சேரும் என்று 13-ம் நூற்றாண்டிலேயே நன்னூலில் பவணந்தி முனிவர் கணக்கை முடித்துவிட்டார்.

அங்கே அந்தக் கதை நடக்காது. வாங்கிய ஆள் என்றால் 'புமிலி'. மீன் என்றால் 'பினிலி'. கடைக்கு 'பினில்ஹான்'. காசுக்கு 'இபினம்பிலி'. பி.காம். பாஷையில் சொன்னால், நமக்கு எல்லாச் செலவுக்கும் ஒரே வவுச்சர். அவர்களுக்கு ஒவ்வொன்றுக்கும் தனி வவுச்சர்.

"மாத்திப் போட்டா?"

"போட்டேனே! நாய் கடிச்ச பாப்பாவை ஒரு அம்மா தூக்கிட்டு வந்தாங்க. கடிபட்டதுக்கு 'கினகாத்'. கடிச்சதுக்கு 'குமகாத்'. நான் பெரிய டாக்டர்கிட்ட குமகாத்னுட்டேன்."

அதாவது, நாயைக் கடித்த குழந்தை! நர்ஸ்கள் விழுந்து விழுந்து சிரித்தார்களாம். நானும் டீயைச் சிந்தினேன்.

"அந்த அம்மா சிரிக்கலைண்ணா. 'எம்பொண்ணு ஒண்ணும் பண்ணலை'ன்னு அழுதுட்டாங்க."

எனக்குச் சிரிப்பு நின்றது. ராத்திரியெல்லாம் வெறிநோய் பயத்தில் தூங்காத தாய். அவளிடம் போய், குற்றவாளி உன் பெண்தான் என்றால்? இரண்டு எழுத்து மாறினால் நமக்கு ஜோக். அவளுக்கு?

அன்று ராத்திரி பையன் நூறு வாக்கியம் எழுதிப் பார்த்தானாம். மூன்றாம் நாள் அடுத்த ஊசிக்கு வந்தபோது சரியாகச் சொன்னான். அந்த அம்மா ஒன்றும் பேசவில்லை. குழந்தையை அவன் கையில் கொடுத்துவிட்டு, ஓரமாக உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டாளாம்.

டாக்டராகிவிடுவான் என்று எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது.

"சார், குடிச்ச காசு?" என்றார் டீக்கடைக்காரர். காசையா குடித்தோம்? ஆனாலும் தமிழனுக்குப் புரிகிறது.

குடித்த ஆள் நான். கொடுத்த ஆள் அவன்.