புளியந்தோப்பைத் தாவிச் செல்லும் தொழிலாளர் வரலாறு

தொழிலாளர் பண்பாட்டைப் பயில வேண்டும், போற்ற வேண்டும் என்று கூட்டந்தோறும் முழங்குகிறோம். எந்தத் தொழிலாளர் என்று யாரேனும் கேட்டால் மட்டும் நம் குரல் கம்மிவிடுகிறது.

1918 ஏப்ரல் 27 அன்று பக்கிங்காம், கர்நாட்டிக் ஆலைத் தொழிலாளர்க்காகச் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது நமக்குத் தெரியும். வாடியாவும் திரு.வி.க.வும் செல்வபதி செட்டியாரும் உழைத்தது தெரியும். 1923 மே நாளில் சிங்காரவேலர் செங்கொடி ஏற்றியது மனப்பாடம். இடையில் 1921 என்றோர் ஆண்டு இருக்கிறதே, அதை ஏன் தாவிச் செல்கிறோம்?

அவ்வாண்டு நடந்த வேலைநிறுத்தத்தில் ஆதிதிராவிடத் தொழிலாளர் பலர் சேரவில்லை, ஆலைக்குச் சென்றனர். ஜூன் இறுதியில் புளியந்தோப்பில் அவர்களுடைய குடிசைகள் எரிந்தன. ஒரே ஆலையில் உழைத்தவர்கள் சாதியால் பிளவுண்டு மோதினர். மோதல்கள் மாதக்கணக்கில் நீண்டன. காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் உயிர்களும் போயின. அரசு ஆதிதிராவிடர்க்குச் சலுகை காட்டியதே காரணம் என்றது நீதிக்கட்சித் தலைமை. அம்மக்கள் பக்கம் நின்ற எம்.சி. ராஜா 1923இல் அக்கட்சியை விட்டே வெளியேறினார்.

'கருங்காலிகள்' என்ற ஒற்றைச் சொல்லுக்குள் அம்மக்களை அடைத்துவிடுவது எளிது. தெருவில் விலக்கி வைத்தவன் ஆலை வாயிலில் மட்டும் தோழனாகிவிட முடியுமா? பிளவை நிர்வாகம் பயன்படுத்திக்கொண்டது, மெய்தான். ஆனால் அந்தப் பிளவை நிர்வாகம் உண்டாக்கவில்லை. அது நம் வீடுகளிலிருந்து ஆலைக்குச் சென்றது. இதை ஒப்புக்கொள்ளாத தொழிலாளர் வரலாறு பாதி வரலாறே.

பண்பாட்டிலும் இதே கதைதான். நாட்டார் பாடல் தேடிச் சிற்றூர்களுக்குப் பேருந்து ஏறுகிறோம். புளியந்தோப்பு ஆட்டுத்தொட்டியை மூக்கைப் பொத்திக்கொண்டு கடக்கிறோம். சாவு வீட்டில் விடிய விடியப் பாடப்படும் கானா நமக்குக் கொச்சை. அதையே திரைப்படம் கடன் வாங்கினால் ரசனை. 2018இல் தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ் குழுவினர் கானாவை மேடையேற்றியபோது கைதட்டினோம். அந்தப் பாட்டு பிறந்த தெருவுக்கு எத்தனை பேர் போனோம்?

பின்னி ஆலை 1996இல் மூடப்பட்டது. பிறகு அங்கே படப்பிடிப்புகள் நடந்தன, அடுக்குமாடிகள் எழுந்தன. அங்கு உழைத்தவர்களின் நினைவுகள் முதியோர் சிலரிடமே எஞ்சியிருக்கின்றன. அவர்கள் சொல்வதை அவர்கள் மொழியிலேயே, திருத்தாமல் பதிவு செய்வோம். கானா பாடுவோர்க்கு அவர்கள் பெயரையும் உரிய ஊதியத்தையும் கொடுப்போம். அடுத்த மே நாளில் 1918ஐப் பேசும் மேடையில் 1921ஐயும் பேசுவோம். அதற்கும் துணிவில்லையெனில், தொழிலாளர் பண்பாடு என்ற சொல்லை நாம் கைவிட்டுவிடுவதே நாணயம்.