வாலை மட்டும் வாசிப்போர்க்கு

பிச்சாட்டூரில் தமிழர் வாயில் ‘அவசரம்’ விரைவைக் குறிக்கும். தெலுங்கர் வாயில் தேவையைக் குறிக்கும். ஒலி ஒன்று, பொருள் இரண்டு. சூழலின்றிப் பொருளில்லை என்று வகுப்பில் கற்பிக்கும் நாமே, மாலை நடையில் ‘வாலாட்டினால் நட்பு’ என்ற ஒற்றைவரி அகராதியோடு திரிகிறோம்.

2007இல் குவாரண்டா, சினிஸ்கால்கி, வல்லோர்திகரா என்னும் இத்தாலிய ஆய்வாளர்கள் இதைச் சோதித்தனர். உரிமையாளரைக் கண்ட நாயின் வால் வலப்புறம் மிகுதியாக ஆடியது. ஆதிக்கம் காட்டும் அந்நிய நாயைக் கண்டபோது இடப்புறம் மிகுந்தது. ஆகவே ஆடும் வால் விலகலையும் பேசும். இறுகிய உடல், மூடிய வாய், அசையாத பார்வை ஆகியவற்றோடு சேர்த்தே அதைப் படிக்க வேண்டும்.

வளைந்து வந்து பக்கவாட்டில் முகர்வதே நாய்களின் முகமன். நாமோ கயிற்றை இறுக்கி அவற்றை நேருக்கு நேர் நிறுத்துகிறோம். நாய் முகத்தைத் திருப்புகிறது, மூக்கை நக்குகிறது, இடைவெளி கேட்கிறது. நாம் கொடாதபோது உறுமுகிறது. உடனே அதற்கு ‘ஆக்ரோஷமான நாய்’ என்று பெயர் சூட்டுகிறோம்.

இன்று அப்பெயரே தண்டனை. உச்ச நீதிமன்றத்தின் 2025 ஆகஸ்ட் 22 ஆணைப்படி, கருத்தடையும் தடுப்பூசியும் பெற்ற தெருநாய் பிடித்த இடத்துக்கே திரும்பலாம். ஆக்ரோஷமானது திரும்ப முடியாது. கடிபட்டோரின் அச்சம் மெய்யே. அதனால்தான் சொல்கிறேன்: உறுமல் எச்சரிக்கை. எச்சரிக்கையைத் தண்டிக்கும் சமூகம், எச்சரிக்காமல் கடிக்கும் நாய்களையே உருவாக்கும். புகார் எழுதுமுன் முழு வாக்கியத்தையும் படியுங்கள்.