கிணற்றுக்கேற்ற மோட்டார், செயலிக்கேற்ற இயங்குதளம்

'பிட்' என்றவுடன் எங்கள் திருச்செங்கோட்டுப் பிள்ளைகளுக்கு, ரிக் வண்டியில் பாறையைக் குடையும் பிட்தான் நினைவுக்கு வரும். கணிப்பொறியில் பிட் என்பது 0 அல்லது 1 என்னும் ஓர் இலக்கம். 32 பிட், 64 பிட் என இயங்குதளங்கள் இருவகைப்படுவது ஏன்? இதை அறியாமையால் நல்ல கணிப்பொறிகளும் பரண் ஏறிவிடுகின்றன. ஆகவே, மாணவ நண்பர்களே, இதனைச் சற்று விளக்கமாகக் காண்போம்.

நினைவகத்தில் ஒவ்வொரு பைட்டுக்கும், வீட்டுக்குக் கதவு எண் போல, ஓர் எண் உண்டு. 32 பிட்டுகளால் எழுதத்தக்க எண்கள் 429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 296. இதுவே 4 ஜிகாபைட். இதற்கு மேல் நினைவகம் இருந்தாலும் 32 பிட் இயங்குதளம் பொதுவாக அதை முழுமையாகப் பயன்படுத்த இயலாது. இன்டெல் நிறுவனத்தின் 386 செயலி வெளிவந்த 1985-இல் இது கடல் போன்ற அளவு, பிற்காலத்தில் போதவில்லை. 2003-இல் ஏஎம்டி நிறுவனம், பழைய 32 பிட் நிரல்களையும் ஏற்கும் 64 பிட் செயலியை வெளியிட்டது. இன்டெலும் அவ்வழியே வந்தது.

ஆழ்துளைக் கிணற்றை எண்ணிப் பாருங்கள். ஆறரை அங்குலக் கிணற்றில் நான்கு அங்குல மோட்டாரையும் இறக்கலாம். நாலரை அங்குலக் கிணற்றில் ஆறு அங்குல மோட்டார் இறங்குமா? அவ்வாறே, 64 பிட் செயலியில் 32 பிட் இயங்குதளம் ஓடும். 32 பிட் செயலியில் 64 பிட் இயங்குதளம் ஓடாது.

அளவு மட்டும் பொருந்தினால் போதுமா? போதாது. மும்முனை மோட்டாருக்கு ஒருமுனை மின்சாரம் உதவாது அல்லவா? கைப்பேசிகளில் உள்ள ஆர்ம் வகைச் செயலியின் கட்டளைமொழி வேறு. சென்னை ஐ.ஐ.டி. உருவாக்கிய 'சக்தி' செயலி பின்பற்றும் ரிஸ்க்-5 கட்டளைமொழியும் வேறு. ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பதிப்பு வேண்டும்.

2011 செப்டம்பரில் தமிழக அரசு விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியது. தொடக்கத்தில் வந்தவற்றில் விண்டோஸ் 7 ஸ்டார்ட்டரும், சி-டாக் நிறுவனத்தின் 'பாஸ்' லினக்சும் இருந்தன. ஸ்டார்ட்டர் 32 பிட்டில் மட்டுமே வெளிவந்தது. அதனால் செயலியும் 32 பிட்தான் என்று முடிவு கட்டுவது தவறு. ஆறரை அங்குலக் கிணற்றில் சிறிய மோட்டார் இறக்கப்பட்டிருக்கலாம்!

எப்படி அறிவது? லினக்சில் முனையத்தைத் திறந்து எல், எஸ், சி, பி, யூ என்னும் ஐந்து ஆங்கில எழுத்துகளைச் சேர்த்துத் தட்டுங்கள். செயலியின் இயங்குமுறை என்னும் வரியில் 32, 64 இரண்டும் தெரிந்தால் அது 64 பிட் செயலி.

அப்படியானால் 64 பிட் பதிப்பையே நிறுவ வேண்டும் என்பது என் கருத்து. 'நினைவகம் 2 ஜிகாபைட்தானே, 64 பிட் பதிப்பு கூடுதல் இடம் கேட்குமே' என்று சிலர் கூறுவர். அது உண்மையே. ஆனால் 32 பிட்டுக்கான ஆதரவு குறைந்துகொண்டே வருகிறது. 2021-இல் வந்த விண்டோஸ் 11-க்கு 32 பிட் பதிப்பே இல்லை. பாஸ் லினக்சுக்கு அடிப்படையான டெபியன், 2025 ஆகஸ்டில் வந்த 13-ஆம் பதிப்பில், 32 பிட் கணிப்பொறிகளுக்கான நிறுவியைக் கைவிட்டது. பாதுகாப்புத் திருத்தங்கள் கிடைக்காத கணிப்பொறியை இணையத்தில் இணைப்பது ஆபத்து. நினைவகம் குறைவாயின் எளிய திரைச்சூழலைத் தேர்ந்தெடுக்கலாம். இடமிருந்தால் நினைவகத்தைக் கூட்டலாம்.

செயலியே 32 பிட் என்றால்? அதையும் எறிய வேண்டாம். இணையமின்றித் தட்டச்சும் நிரல் எழுதவும் பழக அது போதும்.

பள்ளி அறிவியல் மன்றத்தினர் ஒரு வேலை செய்யலாம். ஆசிரியரின் அனுமதி பெற்று, ஆய்வகத்தில் உள்ள ஒவ்வொரு கணிப்பொறியின் செயலி வகையையும் நினைவக அளவையும் சோதித்து, சீட்டில் எழுதி அதன்மேல் ஒட்டுங்கள். எதைப் புதுப்பிக்கலாம், எதை இணையமின்றி வைக்கலாம் என்பது அன்றே தெரிந்துவிடும்.